தடுப்பணைக்குக் கீழே குவியும் மீன்கள்

ஐப்பசியில் பெருமழை ஓய்ந்த மறுநாள் தென்பெண்ணையின் ஏதாவது ஒரு தடுப்பணைக்குக் கீழே போய் நில்லுங்கள். விழுகிற தண்ணீரை எதிர்த்து விரல் நீள மடவைக் குஞ்சுகள் துள்ளும், சுவரில் மோதி விழும், மறுபடியும் துள்ளும். பக்கத்தில் வீச்சு வலையோடு நான்கு பேர் நிற்பார்கள். "இன்றைக்கு நல்ல மீன்பாடு சார்" என்பார்கள். மீன் பெருகிவிடவில்லை. வழி அடைபட்டதால் ஓரிடத்தில் குவிந்து கிடக்கிறது.

மீன்வளம் படித்துவிட்டுக் கடலூர்ப் பக்கத்து ஆறுகளைச் சுற்றி வருபவன் நான். கொடுவா உப்புநீரில் முட்டையிடும். குஞ்சுகளில் பல ஆற்றில் ஏறி வளரும். விலாங்கின் கதை இன்னும் விசித்திரம். ஆழ்கடலில் பிறந்து, கண்ணாடி போன்ற குஞ்சாகக் கரை சேர்ந்து, ஆறு குளங்களில் பல ஆண்டு வளர்ந்து, முட்டையிடக் கடலுக்கே திரும்பும். ஓர் இரவு டார்ச் வெளிச்சத்தில், பாசி படிந்த ஈரச் சுவரில் அப்படி ஒரு குஞ்சு உடம்பை ஒட்டி ஒட்டி ஏறுவதைப் பார்த்தேன். முக்கால் சுவர் தாண்டியதும் காய்ந்த சிமென்ட் வந்தது. அங்கேயே நின்றுவிட்டது.

இது புதிய கவலையும் அல்ல. கொள்ளிடத்தில் கீழணை கட்டப்பட்டது 1836இல். ஆற்று அணைகள் மீனேற்றத்தைத் தடுப்பதைப் ஆங்கிலேய மீனியல் அறிஞர் பிரான்சிஸ் டே 1873ஆம் ஆண்டு அறிக்கையிலேயே எழுதிவிட்டார். 1934இல் மேட்டூர் அணை வந்த பிறகு கடலிலிருந்து காவிரியில் ஏறி முட்டையிடும் உல்லம் மீன் நலிந்துபோனது.

"அணையை இடிக்கச் சொல்கிறீர்களா?" என்று கேட்பார்கள். அமெரிக்காவின் கிளாமத் ஆற்றில் நான்கு அணைகளை அகற்றும் பணி 2024இல் முடிந்தது. அந்த இலையுதிர் காலத்திலேயே சால்மன் மேலே ஏறியது. ஆனால் அவை மின்சாரத்துக்காகக் கட்டியவை. நம் தடுப்பணைகள் நிலத்தடி நீரைக் காத்து, கடல்நீர் உள்ளே புகாமல் தடுக்கின்றன. இடிக்க வேண்டாம், மீன் ஏற ஓரத்தில் ஒரு சரிவு போதும். இரண்டு மீட்டர் உயரச் சுவருக்கு நாற்பது மீட்டர் நீளத்தில், பாறைகள் பதித்த சரிவு. அதன் தலைப்பை அணை விளிம்புக்குச் சற்றுக் கீழே வைத்தால் உபரிநீர் முதலில் அதில் இறங்கும். வரத்து குறைந்ததும் பலகை போட்டு அடைத்துவிடலாம். விலாங்குக்கு இன்னும் எளிது. நியூசிலாந்தில் சாலைக்கு அடியில் ஓடை செல்லும் குழாய்களில் கயிறு தொங்கவிட்டே ஏற்றுகிறார்கள். இங்கே தேங்காய் நார்க் கயிற்றுக்கா பஞ்சம்?

சிக்கல், சரிவின் கீழ்வாயை எங்கே வைப்பது என்பதில்தான். மீன் மோதுகிற இடத்தில் வாய் இல்லாவிட்டால் சரிவு வெறும் கல்குவியல். ஓரிடத்தில் வரைபடம் சரிவை இடக்கரையில் காட்டியது. லாரி இறங்க அங்கேதான் வழி. வலைக்காரப் பெரியவர் ஒருவர் பார்த்துவிட்டு, "மீன் அந்தப் பக்கம் தலைகாட்டாது தம்பி, வலக்கரையில்தான் மடு" என்றார். எழுதிக்கொண்டு அலுவலகம் போனேன். டெண்டர் முடிந்திருந்தது.