வேலை நடக்காத நேரத்தில் மீட்டர் ஏன் ஓடுகிறது?

கோவை வட்டாரத்துப் பட்டறைகளுக்கு எரிசக்தித் தணிக்கைக்குப் போகும்போது, முதலாளியிடம் நான் முதலில் கேட்பது ஒரு சின்னக் கேள்வி. ஞாயிற்றுக்கிழமை, ஆள் யாரும் இல்லாதபோது, உங்கள் மீட்டர் எத்தனை யூனிட் ஓடுகிறது? மாதக் கட்டணம் எவ்வளவு என்று கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். இதற்குப் பெரும்பாலும் பதில் வராது. சனிக்கிழமை இரவு கதவைப் பூட்டும்போது மீட்டரைப் பார்த்து ஓர் எண், திங்கட்கிழமை காலையில் திறந்ததும் ஓர் எண் குறித்துக்கொள்ள ஒரு காசு செலவில்லை. ஆனால் அந்த இரண்டு எண்களுக்கு இடையில் இருக்கும் வித்தியாசம், எந்த ஆலோசகரும் சொல்லாத உண்மையைச் சொல்லிவிடும். ஒரு பொருளும் செய்யாமல், ஒருவருக்கும் வெளிச்சமோ காற்றோ தராமல் செலவான மின்சாரம் அது.

‘மின்சாரத்தைச் சேமிப்போம்’ என்றதும் எல்லோர் கையும் விளக்கு சுவிட்சுக்குத்தான் போகிறது. சுவரில் ஸ்டிக்கர் ஒட்டுகிறார்கள், டிசம்பர் 14 அன்று தேசிய எரிசக்திச் சேமிப்பு தினம் என்று உறுதிமொழி எடுக்கிறார்கள். தவறில்லை. பழைய 40 வாட் குழல்விளக்கு சோக்கோடு சேர்த்து 50 வாட்டுக்கு மேல் இழுத்தது. இன்றைய எல்.இ.டி. குழல்விளக்கு 20 வாட்டில் அதே வெளிச்சத்தைத் தருகிறது. பழைய வகை மின்விசிறி 75 வாட் என்றால் பி.எல்.டி.சி. என்ற புதிய வகை மோட்டார் உள்ளது 30 வாட் சுமாருக்கு ஓடுகிறது. இவற்றையெல்லாம் மாற்றத்தான் வேண்டும். ஆனால் இயந்திரங்கள் ஓடும் இடத்தில் விளக்கும் விசிறியும் மொத்தச் செலவில் சிறு பங்குதான். பெரிய பங்கு கண்ணுக்குத் தெரியாத ஒன்றில் போகிறது. காற்றில்.

அழுத்தக் காற்று இல்லாமல் இன்று ஒரு பட்டறை நடக்காது. கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் பொருளைப் பிடிக்கும் சக், காற்றால் இறுக்கும் நியூமேடிக் கிளாம்ப், பெயின்ட் துப்பாக்கி, சில்லுகளை ஊதும் ஏர் கன் எல்லாவற்றுக்கும் காற்று வேண்டும். காற்று இலவசம் என்ற நினைப்பு நம்மில் ஊறிப்போனது. உண்மையில் தொழிற்கூடத்தில் இருப்பதிலேயே விலை உயர்ந்த சக்தி அதுதான். காற்றை அழுத்தித் தரும் இயந்திரமான கம்பிரஸருக்கு 100 யூனிட் மின்சாரம் கொடுத்தால், குழாயின் மறுமுனையில் பயனுள்ள வேலையாகக் கிடைப்பது 10 முதல் 15 யூனிட் வரைதான். மீதமெல்லாம் சூடாகப் போய்விடுகிறது. கம்பிரஸர் அறைக்குள் நின்றால் வியர்த்து வழிவது இதனால்தான்.

இவ்வளவு செலவழித்துப் பிடித்த காற்றை நாம் என்ன செய்கிறோம்? 7 பார் அழுத்தத்தில் இருக்கும் லைனில் 3 மில்லிமீட்டர் அளவுக்கு ஓர் ஓட்டை இருந்தால், அதன் வழியே வெளியேறும் காற்றை ஈடுகட்ட மட்டும் கம்பிரஸர் சுமார் 3 கிலோவாட் எடுத்துக்கொள்ளும். 150 எல்.இ.டி. குழல்விளக்குகளை எரியவிடும் மின்சாரம் அது. ஒருவர் விளக்கை அணைக்காமல் போனால் ஓடிப்போய்த் திட்டுகிறோம். ஓட்டையைத் திட்ட யாரும் இல்லை. நாளுக்கு 10 மணி நேரம், மாதம் 25 நாள் என்று வைத்தாலும் 750 யூனிட். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று கணக்கிட்டால் மாதம் 6,000 ரூபாய். கம்பிரஸரை இரவிலும் நிறுத்தாமல் விடும் இடமென்றால் இது ஏறக்குறைய மூன்று மடங்காகும். பராமரிப்பு இல்லாத லைன்களில் உற்பத்தியாகும் காற்றில் 20 முதல் 30 சதவீதம் வரை கசிவிலேயே போவது இத்துறையில் இருக்கும் எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

எங்கே கசிகிறது என்று கண்டுபிடிக்க நான் முதலில் நம்புவது இயந்திரத்தின் முன் நிற்பவரைத்தான். ஒரு பட்டறையில் லேத்துக்குப் பின்னால் ஏர் ஹோஸை இணைக்கும் கப்ளிங்கைச் சுற்றி எண்ணெய் படிந்த பனியன் துணியை இறுக்கி, அதன்மேல் கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருந்தார்கள். துணியின் ஓரம் விடாமல் படபடத்துக்கொண்டிருந்தது. “இது எத்தனை நாளாக இப்படி இருக்கிறதுங்க அண்ணா?” என்று ஆபரேட்டரிடம் கேட்டேன். “நான் வேலைக்குச் சேர்ந்ததில் இருந்தே இப்படித்தாங்க சார். சத்தம் காதைக் குடைகிறது என்று துணியைக் கட்டினோம்” என்றார். சத்தம் அடங்கியிருந்தது, கசிவு அடங்கவில்லை. கப்ளிங்கைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்த ரப்பர் வாஷர் பிய்ந்து கிடந்தது. வேறு எங்கெல்லாம் இப்படி என்று கேட்டதும் அவர் பட்டறை முழுக்க என்னை அழைத்துப்போய், ஒவ்வொன்றாக விரலை நீட்டிக் காட்டினார். கருவி எதுவும் தேவைப்படவில்லை. அதுவரை அவரிடம் யாரும் கேட்டதில்லை.

நான் திரும்பத் திரும்பப் பார்ப்பது இதைத்தான். மின் கட்டணம் கணக்கர் மேசைக்கு வருகிறது. கசிவு இயந்திரங்கள் ஓடும் தளத்தில் இருக்கிறது. கணக்கர் தளத்துக்கு வருவதில்லை, தளத்தில் இருப்பவருக்குக் கட்டணம் எவ்வளவு என்று யாரும் சொல்வதில்லை. இந்த இருவரையும் மாதம் ஒரு முறை அரை மணி நேரம் உட்காரவைத்துப் பேசச் செய்த நிறுவனங்களில் கட்டணம் குறைந்திருக்கிறது. அதற்குப் புது இயந்திரம் எதுவும் வாங்க வேண்டியிருக்கவில்லை.

கசிவு எவ்வளவு என்று அளப்பதும் எளிது. மதிய உணவு இடைவேளையிலோ ஷிப்ட் முடிந்த பிறகோ, காற்று பயன்படுத்தும் எல்லா இயந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்பிரஸரை மட்டும் ஓடவிடுங்கள். யாரும் காற்று எடுக்காததால் அது அழுத்தத்தை நிரப்பியதும் லோடு எடுப்பதை, அதாவது காற்றை அழுத்துவதை, நிறுத்திவிடும். கசிவு இருந்தால் சிறிது நேரத்தில் மறுபடி லோடு எடுக்கும். கைப்பேசியில் இருக்கும் ஸ்டாப்வாட்சை வைத்து, லோடில் ஓடும் நேரத்தையும் லோடு இல்லாத நேரத்தையும் நாலைந்து சுற்று குறித்துக்கொள்ளுங்கள். லோடு நேரத்தை மொத்த நேரத்தால் வகுத்தால் கசிவின் விகிதம் கிடைத்துவிடும். ஒன்றரை நிமிடம் லோடு, நாலரை நிமிடம் ஓய்வு என்றால் கால் பங்கு. அதாவது கம்பிரஸர் தரக்கூடிய காற்றில் கால் பங்கு யாருக்கும் உதவாமல் போகிறது. அதன்பின் ஒரு பாக்கெட் ஷாம்புவைத் தண்ணீரில் கரைத்து, பிரஷ்ஷால் ஒவ்வொரு இணைப்பிலும் தடவிக்கொண்டே போங்கள். குமிழி வரும் இடத்தில் சாக்பீஸால் வட்டம் போடுங்கள். டெஃப்ளான் டேப், வாஷர், ஹோஸ் கிளாம்ப், ஒரு ஸ்பேனர். பெரும்பாலான கசிவுகளுக்கு இவை போதும். அழுத்தக் காற்றைச் சேர்த்துவைக்கும் ரிசீவர் டாங்கின் அடியில் தண்ணீர் வடிக்கும் வால்வைச் சிலர் எப்போதும் லேசாகத் திறந்தே வைத்திருப்பார்கள், தினமும் குனிய வேண்டாமே என்று. அதையும் பாருங்கள்.

கசிவு இன்னொரு கெடுதலையும் செய்கிறது. வழியில் காற்று போய்விடுவதால் கடைசி இயந்திரத்தில் அழுத்தம் பற்றாமல் ‘லோ ஏர்’ என்று அலாரம் அடிக்கும். உடனே என்ன செய்கிறார்கள்? கம்பிரஸரின் அழுத்தத்தைக் கூட்டிவிடுகிறார்கள். 6 பார் இருந்தது 7 ஆகிறது, 7 இருந்தது 8 ஆகிறது. ஒவ்வொரு பார் கூட்டும்போதும் கம்பிரஸர் 6 முதல் 7 சதவீதம் கூடுதலாக மின்சாரம் எடுக்கும். அழுத்தம் கூடியதால் அதே ஓட்டைகள் வழியே இன்னும் அதிகக் காற்று வெளியேறும். சில மாதங்களில் மறுபடி பற்றாது. கடைசியில் ‘கம்பிரஸர் போதவில்லை, பெரிதாக ஒன்று வாங்க வேண்டும்’ என்ற முடிவுக்கு வருகிறார்கள். வாங்குவதற்கு முன் கசிவை அடைத்துப் பாருங்கள் என்று நான் மன்றாடாத குறையாகச் சொல்லுவேன். கேட்டவர்களில் பலருக்குப் பழைய கம்பிரஸரே போதுமானதாக இருந்தது. அழுத்தத்தைக் குறைப்பதையும் ஒரே நாளில் செய்ய வேண்டாம். கால் பார் குறையுங்கள், ஒரு வாரம் பாருங்கள், எந்த இயந்திரமும் முறையிடவில்லை என்றால் இன்னும் கால் பார்.

ஷிப்ட் முடிந்ததும் ஏர் கன்னால் சட்டையில் படிந்த தூசியை ஊதிக்கொள்வது எல்லாப் பட்டறைகளிலும் நடக்கிறது. மின்சாரம் வீணாவதைவிட இதில் என் கவலை வேறு. அந்த அழுத்தத்தில் வரும் காற்று கண்ணுக்குள் துகளை அடித்துவிடும், காயம் வழியாகத் தோலுக்கு அடியில் புகுந்தால் உயிருக்கே ஆபத்து. ஒரு பிரஷ் வாங்கிக் கொடுங்கள்.

கம்பிரஸர் அறையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். இடம் இல்லை என்று அதைப் படிக்கட்டுக்கு அடியில், ஜன்னல் இல்லாத மூலையில் அடைத்துவிடுகிறார்கள். உள்ளே இழுக்கும் காற்றின் வெப்பம் ஒவ்வொரு 4 டிகிரி கூடும்போதும் மின்செலவு ஏறக்குறைய 1 சதவீதம் கூடும். வெளிக்காற்று வரும்படி ஒரு ஜன்னல், சூடு வெளியே போக ஒரு எக்ஸாஸ்ட் விசிறி. ஏப்ரல், மே மாதங்களில் வித்தியாசம் தெரியும்.

எங்கள் ஊர்த் தொழில்முனைவோருக்கு இதெல்லாம் தெரியாது என்று நான் நினைக்கவில்லை. 2008-க்குப் பிறகு தமிழகத்தில் மின்பற்றாக்குறை வாட்டிய ஆண்டுகளில், குறிப்பாக 2012-இல் நாளின் பாதி நேரம் மின்சாரம் இல்லாமல் குறுந்தொழில்கள் தள்ளாடியபோது, தன் பட்டறையில் எந்த இயந்திரம் எத்தனை கிலோவாட் எடுக்கும் என்று ஒவ்வொருவரும் மனப்பாடமாகச் சொன்னார்கள். ஜெனரேட்டர் எல்லாவற்றையும் தாங்காது. எதை ஓட்டுவது, எதை நிறுத்துவது என்று மணிக்கணக்கில் முடிவெடுத்தார்கள். ஒரு லிட்டர் டீசலுக்கு மூன்று யூனிட் சுமார்தான் கிடைக்கும் என்பதால் வீண் ஓட்டம் ஒன்றைக்கூட அனுமதிக்கவில்லை. மின்சாரம் சீராக வரத் தொடங்கியதும் அந்தக் கணக்கு மறந்துபோனது. தெரிந்ததை மறந்துவிட்டோம் என்பதுதான் எனக்கு வருத்தம்.

அலுவலக அறையைப் பற்றிச் சுருக்கமாக. ஏ.சி.யை 18-இல் வைத்துவிட்டுச் சால்வை போர்த்திக்கொள்ள வேண்டாம். ஒவ்வொரு டிகிரி உயர்த்தும்போதும் சுமார் 6 சதவீதம் மிச்சமாகும் என்று மத்திய மின்துறை அமைச்சகம் 2018-இல் சொன்னது. நட்சத்திரக் குறியீடு பெற்ற அறை ஏ.சி.கள் 2020 ஜனவரியில் இருந்து 24 டிகிரியில் தொடங்கும்படிதான் வருகின்றன. 24-இல் வைத்து, கூடவே விசிறியை மெதுவாக ஓடவிட்டால் யாருக்கும் குறை தெரியாது.

கூரையில் சூரியத் தகடு போட விரும்புவோர் இப்போது நிறையப் பேர். நல்லது, போடுங்கள். ஆனால் தகட்டின் அளவை இன்றைய மின் கட்டணத்தை வைத்து முடிவுசெய்யாதீர்கள். கசிவையும் வீண் ஓட்டத்தையும் நிறுத்திய பிறகு வரும் மூன்று மாதக் கட்டணத்தை வைத்து முடிவுசெய்யுங்கள். இல்லையென்றால் கசிவுக்கும் சேர்த்துத் தகடு வாங்கியதாகிவிடும். குறு, சிறு தொழில்களுக்குத் எரிசக்தித் தணிக்கைக்கும் சேமிப்புக்குமான தமிழக அரசின் ‘பீஸ்’ (PEACE) திட்டத்தில் தணிக்கைச் செலவின் ஒரு பகுதியும், பரிந்துரைத்தபடி இயந்திரம் மாற்றினால் அதற்கான மானியமும் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டால் இப்போதைய விகிதத்தையும் விண்ணப்பத்தையும் தருவார்கள்.

கடைசியாக ஒன்று. அடைத்த கசிவு திரும்பி வரும். இயந்திரங்களின் அதிர்வில் இணைப்புகள் தளரும், ஹோஸ் வெயிலிலும் எண்ணெயிலும் வெடிப்பு விடும். எனவே சோதனையை மூன்று மாதத்துக்கு ஒரு முறை செய்யுங்கள். கிடைத்த சதவீதத்தைத் தேதியோடு கம்பிரஸர் அறைக் கதவிலேயே எழுதுங்கள். எழுதும் பொறுப்பை அங்கே தினமும் கம்பிரஸரைத் தொடங்கி நிறுத்துகிறவரிடம் கொடுங்கள், அந்த மாத மின் கட்டணம் எவ்வளவு வந்தது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்.