ஸ்பூஃபிங்: அந்த முகவரி போலி இல்லை

"ஏந் தம்பி, இருவது வருசமா வச்சிருக்கிற மெயிலு, அது எப்புடி திடீர்னு போலியாகும்?"

கேட்டவர் என் பெரியப்பா மகன். திருப்பூர் அனுப்பர்பாளையம் பக்கம் பனியன் கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் எடுத்துச் செய்கிறார். அவர் பெயரில், அவர் கம்பெனி முகவரியிலிருந்தே வந்ததுபோல, வைரஸ் வைத்த இணைப்போடு மின்னஞ்சல்கள், சரக்கு வாங்கும் நாலைந்து பையர்களுக்குப் போயிருக்கின்றன. அதைப் பார்த்த ஒரு பெரிய கம்பெனியின் கணினிப் பிரிவு, நல்ல தமிழில் எழுதுவதாக எண்ணி, அவருக்கு ஒரு கடிதம் அனுப்பியது: "தங்கள் மின்னஞ்சல் போலி முகவரி எனக் கண்டறியப்பட்டுள்ளது. உடனடியாக முகவரியை மாற்றவும்."

அண்ணனும் மாற்றினார். பில் புத்தகம், டெலிவரி சலான், ரப்பர் ஸ்டாம்பு, வாசலில் இருக்கும் போர்டு எல்லாவற்றையும் மாற்றினார். பழைய முகவரிக்கு ஆர்டர் அனுப்பிய ரெண்டு பேருக்குப் பதில் போகாமல் அந்த ஆர்டர் கைவிட்டுப் போனது. இத்தனைக்குப் பிறகும் பழைய முகவரியின் பெயரில் வைரஸ் மின்னஞ்சல்கள் போய்க்கொண்டுதான் இருந்தன. முகவரியை மாற்றினால் அது எப்படி நிற்கும்? அந்த மடல்கள் அவர் கணினியிலிருந்தோ அவர் கணக்கிலிருந்தோ ஒருநாளும் கிளம்பவே இல்லையே.

பிறர் முகவரியை அனுப்பியவர் இடத்தில் போட்டு மடல் அனுப்பும் இந்த வேலைக்கு ஆங்கிலத்தில் ஸ்பூஃபிங் என்று பெயர். ஆர்தர் ராபர்ட்ஸ் என்ற ஆங்கில நகைச்சுவை நடிகர் 1880களில் ஓர் ஏமாற்று விளையாட்டுக்கு வைத்த பெயர் ஸ்பூஃப். அங்கிருந்து அது புரட்டு, ஏய்ப்பு என்ற பொருளுக்கு வந்தது. ஒரு படைப்பைக் கேலியாகப் போலச் செய்வது என்ற பொருள் 20ஆம் நூற்றாண்டில் சேர்ந்தது. கணினிக்காரர்கள் எடுத்துக்கொண்டது பழைய பொருளை.

இதை அறியாமல் அகராதியைத் திறந்து முதலில் கண்ணில் பட்டதை எடுத்து வைத்தவர்கள் 'பகடி மின்னஞ்சல்' என்று எழுதுகிறார்கள். பகடி என்றால் கேலி. கேலியை எதிராளி கேலி என்று கண்டுகொண்டால்தான் அது பலிக்கும். ஸ்பூஃப் செய்த மின்னஞ்சலோ கண்டுகொள்ளாமல் இருந்தால்தான் பலிக்கும். நேர் எதிரான இரண்டை ஒரே சொல்லில் அடைக்கிற இந்தப் பெயர்ப்பைப் பற்றி இதற்குமேல் பேச எனக்கு மனமில்லை.

என் சண்டை 'போலி முகவரி'யோடுதான். அது பார்க்க நல்ல தமிழாக இருக்கிறது, நாக்கில் எளிதாக வருகிறது, நாளிதழ்களும் வங்கி அறிவிப்புகளும் அதையே போடுகின்றன. அதனால்தான் அது செய்யும் கெடுதலும் பெரிது.

முதலில் நடப்பதைப் பாருங்கள். பள்ளியில் கடிதம் எழுதக் கற்றுக்கொடுத்தபோது இடது ஓரத்தில் 'அனுப்புநர்' என்று போட்டு நம் பெயரையும் ஊரையும் எழுதினோம். (அனுப்புநர்தான் சரி. ஓட்டுநர், பெறுநர் போல '-நர்' ஈறு. 'அனுப்புனர்' என்று அச்சடித்த படிவங்களை அரசு அலுவலகங்களிலேயே பார்த்து வெம்பிப்போகிறேன்.) அந்த இடத்தில் நான் என் பெயருக்குப் பதில் பக்கத்து வீட்டுக்காரர் பெயரை எழுதித் தபால் பெட்டியில் போட்டால், தபால்காரர் நிறுத்தி விசாரிப்பாரா? மாட்டார். அவருக்கு வேண்டியது போய்ச்சேர வேண்டிய இடம் மட்டும். மின்னஞ்சலும் அப்படியே அமைந்தது. 1982இல் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற நெறிமுறைதான் இன்றைய மின்னஞ்சல் போக்குவரத்துக்கு அடித்தளம். அனுப்புகிறவன் தன்னைப் பற்றிச் சொல்வது மெய்யா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் கிடையாது. ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சிக்காரர்கள் புழங்கிய வலைக்காக எழுதியது அது. இன்னொன்று: மின்னஞ்சலுக்கும் உறை தனி, உள்ளே இருக்கும் தாள் தனி. உறைமேல் ஓர் அனுப்புநர், தாளில் ஓர் அனுப்புநர். நம் திரையில் தெரிவது தாளில் எழுதியது. அதில் யார் பெயரையும் எவனும் எழுதலாம்.

வைரஸ் எழுதியவர்கள் இதைப் பிடித்துக்கொண்டார்கள். 1999இன் மெலிசாவும் 2000இன் ஐலவ்யூவும் பரவிய காலத்தில், யார் பெயரில் வைரஸ் வந்ததோ அவர் கணினியில்தான் வைரஸ் இருந்தது. அவரைக் கூப்பிட்டு, "உங்க கம்ப்யூட்டரைப் பாருங்க" என்று சொன்னால் பொருத்தமாக இருந்தது. 2001இல் வந்த கிளெஸ் வைரஸ், அடுத்தடுத்த வடிவங்களில் அதைக் கெடுத்தது. அது புகுந்த கணினியில் கிடக்கும் முகவரிகளையெல்லாம் திரட்டி, ஒன்றைப் பெறுநராகவும் இன்னொன்றை அனுப்புநராகவும் போட்டுத் தன்னைத்தானே அனுப்பிக்கொண்டது. வைரஸ் ஈரோட்டில் ஒருவர் கணினியில் இருக்கும், பொள்ளாச்சிக்காரர் பெயரில் கிளம்பும், கோயம்புத்தூர்க்காரருக்குப் போய்ச்சேரும். பொள்ளாச்சிக்காரருக்கு இதில் பங்கே இல்லை, அவர் முகவரி ஈரோட்டுக் கணினியில் கிடந்தது என்பதைத் தவிர. அந்நாளைய வைரஸ் தடுப்பு மென்பொருள்கள் பல, 'நீங்கள் வைரஸ் அனுப்பினீர்கள்' என்று அந்த அப்பாவிக்கே எச்சரிக்கை அனுப்பித் தொந்தரவை இரட்டித்தன. 2003இன் சோபிக், 2004இன் மைடூம் எல்லாம் இதே வழியில் போனவை.

இப்போது சொல்லுங்கள், பொள்ளாச்சிக்காரரின் முகவரி போலியா? அது அவருடைய மெய்யான முகவரி. எழுத்துக்கு எழுத்து சரியான முகவரி. அதற்கு எழுதினால் அவருக்குத்தான் போகும். பொய் முகவரியில் இல்லை. அதை அந்த இடத்தில் எழுதியதில் இருக்கிறது. 'போலி முகவரி' என்று சொன்னவுடன் பழி முகவரியின் மேல் விழுகிறது, முகவரி வழியாக அதன் சொந்தக்காரர் மேல் விழுகிறது. எங்கள் அண்ணன் போர்டை அழித்து எழுதியது இந்த ஒரு சொல்லால்.

போலி என்ற சொல் நமக்கு எங்கே பயன்படும் தெரியுமா? இலக்கணத்தில் போலி என்றால், ஓர் எழுத்து நிற்க வேண்டிய இடத்தில் வேறொன்று வந்து நின்றும் பொருள் மாறாமல் இருப்பது. நிலம் நிலன் ஆகும். பந்தல் பந்தர் ஆகும். நன்னூல் படித்தவர்களுக்கு இது பால பாடம். பவணந்தி முனிவர் பிறந்த சனகாபுரம், பெருந்துறைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் சீனாபுரம்தான் என்று இந்தப் பக்கம் பெருமையாகச் சொல்வார்கள். அந்த ஊர்க் காற்றைச் சுவாசிக்கிறவர்களாவது போலியை அதன் இடத்தில் வைக்க வேண்டும். மின்னஞ்சலில் இன்னொரு மோசடி உண்டு. ஆங்கிலச் சிறிய எழுத்து எம் இருக்க வேண்டிய இடத்தில் ஆர், என் இரண்டையும் ஒட்டி எழுதுவார்கள். எல் எழுத்துக்குப் பதில் எண் 1 போடுவார்கள். அவசரத்தில் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. அது உண்மையிலேயே வேறு முகவரி, மோசடிக்காரனே பதிவு செய்து வைத்திருப்பது. எழுத்து மாறியும் மாறாததுபோல நிற்கிற அதற்குத்தான் போலி முகவரி என்ற பெயர் அச்சாகப் பொருந்தும். பொருத்தமான பொருளில் ஒருவரும் எடுக்காமல், பொருந்தாத இடத்தில் எல்லோரும் எடுப்பதுதான் என் ஆற்றாமை.

சொல்லில் என்ன இருக்கிறது, ஆளுக்கு விஷயம் புரிந்தால் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. புரியவில்லை என்பதுதானே வழக்கு. மூன்று மோசடிக்கும் மூன்று மருந்து. போலி முகவரி என்றால், எழுத்தெழுத்தாகப் பார்த்தால் பிடித்துவிடலாம். கடவுச்சொல்லைத் திருடி உள்ளே புகுந்திருந்தால், அது கணக்குக் களவு. கடவுச்சொல்லை மாற்ற வேண்டும், இரட்டைச் சரிபார்ப்பு வைக்க வேண்டும். ஸ்பூஃபிங் என்றால் இவை இரண்டும் உதவாது. எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் முகவரி சரியாகவே இருக்கும், கடவுச்சொல்லை நூறு முறை மாற்றினாலும் அவன் எழுதுவதை நிறுத்த முடியாது. அதற்கு வேண்டியது டொமைன் பதிவில், அதாவது முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயருக்கான பதிவில், எழுதும் மூன்று ஏற்பாடுகள். எந்தெந்த சர்வர்கள் என் பெயரில் அனுப்பலாம் என்று அறிவிப்பது எஸ்பிஎஃப். மடலில் மறையீட்டு முத்திரை வைப்பது டிகிம். இவை தாளில் தெரியும் அனுப்புநரோடு ஒத்துப்போகாவிட்டால் மடலை என்ன செய்ய வேண்டும் என்று பெறுகிற சர்வருக்குச் சொல்வது டிமார்க். இதில் 'கண்காணித்தால் போதும்' என்று மட்டும் எழுதி வைத்தால் கள்ள மடல் நிற்காது. 'தள்ளிவிடு' என்று எழுத வேண்டும். மொத்தமாக அனுப்புகிறவர்கள் இவற்றை வைத்திருக்க வேண்டும் என்று ஜிமெயிலும் யாகூவும் 2024 பிப்ரவரி முதல் கட்டாயமாக்கிவிட்டன. மூன்றையும் 'போலி' என்ற ஒரே பெயரால் அழைக்கும் ஊரில், ஒரு நோய்க்கு இன்னொரு நோயின் மருந்தைக் கொடுக்காமல் வேறென்ன செய்வார்கள்?

சட்டம் படித்த நண்பர் ஒருவர் 'ஆள்மாறாட்டம்' போதுமே என்றார். நல்ல சொல். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவு, கணினி வழியாக ஆள்மாறாட்டம் செய்து ஏமாற்றுவதற்கு மூன்றாண்டு வரை சிறையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் வைத்திருக்கிறது. ஆனால் அது குற்றத்தின் பெயர். ஸ்பூஃபிங் ஒரு வித்தையின் பெயர். கிளெஸ் அனுப்பிய மடலில் மாறாட ஆளே இல்லை. ஒரு நிரல் கையில் கிடைத்த பெயரை ஒட்டியது, அவ்வளவுதான். நீதிமன்றத்துக்கு ஆள்மாறாட்டம் இருக்கட்டும்.

நான் வைப்பது 'கள்ள அனுப்புநர்'. இதற்கு முன்மாதிரி நம் வாயிலேயே இருக்கிறது. கள்ள ஓட்டு என்கிறோம். வாக்காளர் மெய், பட்டியலில் இருக்கும் பெயர் மெய், போட்ட கை மட்டும் வேறு. "உங்க ஓட்டைப் போட்டுட்டாங்களேங்க" என்று கேட்டுத் திகைத்து நிற்கிறவரை யாராவது போலி வாக்காளர் என்று சொல்வோமா? அவர்தானே பறிகொடுத்தவர். கள்ளக் கையெழுத்தும் அப்படியே. பெயர் மெய், கை பொய்.

கள்ள நோட்டில் நோட்டே பொய்தானே என்று கேட்கலாம். சரி. கள்ளம் எந்தச் சொல்லின்மேல் ஏறுகிறதோ அதுவே பொய்யாகும். அதனால்தான் 'கள்ள முகவரி' என்று நான் சொல்லவில்லை. சொன்னால் பழைய குழியிலேயே விழுவேன். அனுப்புநர் என்பது கடிதத்தில் ஒரு வரியின் பெயர், அனுப்பியவரின் பெயரும்கூட. இங்கே பொய்யாக இருப்பது அந்த வரி, கள்ளனாக இருப்பது அனுப்பியவன். முகவரியும் அதன் சொந்தக்காரரும் குற்றமின்றி வெளியே நிற்கிறார்கள். செயலைச் சொல்ல 'கள்ள அனுப்புகை' எனலாம்.

இதே வரிசையில் 'வைரஸால் பாதிக்கப்பட்ட மின்னஞ்சல்' என்ற தொடரையும் கைவிடச் சொல்வேன். மின்னஞ்சலுக்கு ஒன்றும் பாதிப்பில்லை. பல்லடத்தில் கோழிப் பண்ணை வைத்திருப்பவரைக் கேளுங்கள். சீக்கு வந்த கோழி வேறு, சீக்கைத் தூக்கிக்கொண்டு வரும் லாரி டயர் வேறு என்று பிரித்துச் சொல்வார். டயருக்கு மருந்தடிப்பார், கோழிக்கு ஊசி போடுவார். மின்னஞ்சல் அந்த டயர். பெரும்பாலும் இணைப்பைத் திறந்த பிறகுதான் கணினிக்குச் சீக்கு. ஆகவே 'வைரஸ் சுமந்த மின்னஞ்சல்'. வைரஸ் என்ற சொல்லை வைத்துக்கொள்வதில் எனக்குத் தடையில்லை. லத்தீனில் அது நஞ்சு என்ற பொருளில் இருந்தது. அதை நினைத்து 'நச்சுநிரல்' என்று ஆக்கியவர்கள் பொருளறிந்து ஆக்கினார்கள், அதையும் ஏற்கிறேன். ஏமாற்று மடல் அனுப்பிக் கடவுச்சொல்லைப் பறிக்கும் ஃபிஷிங்குக்குத் 'தூண்டில்' என்று வைத்தவருக்கும் கைகூப்புகிறேன். ஆக, நம் மொழிக்கு வலு இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். ஆங்கிலச் சொல்லுக்கு எதிரில் ஒரு தமிழ்ச் சொல்லை நிறுத்தினால் வேலை முடிந்தது என்று நினைக்கிற அவசரம்தான் குறை. மொழிபெயர்க்கிறவர் அந்தச் செயல் எப்படி நடக்கிறது என்று கால் மணி நேரம் யாரிடமாவது உட்கார்ந்து கேட்டால், பாதிச் சொற்கள் தாமாக வந்துவிடும். அகராதி அதற்குப் பிறகு போதும்.

அண்ணனிடம் சுற்றிவளைக்காமல் கள்ள ஓட்டுக் கதையைத்தான் சொன்னேன். முடிப்பதற்குள் அவருக்குப் பிடிபட்டுவிட்டது. "அப்போ என்ற மெயிலு மேல தப்பில்லைங்கறே." இல்லை என்றேன். அன்றைக்கே டொமைன் பதிவில் மூன்று ஏற்பாடுகளையும் எழுதினோம். பையர்களுக்கு அவரே தன் கையால் ஒரு கடிதம் எழுதினார்: "எங்கள் பழைய முகவரி சரியான முகவரிதான். வேறு யாரோ கள்ள அனுப்புநராக எங்கள் பெயரைப் போட்டு மடல் அனுப்பியிருக்கிறார்கள். சந்தேகம் இருந்தால் போனில் கேட்டுக்கொள்ளவும்." போர்டில் பழைய முகவரியை மறுபடி எழுத வரும் வெள்ளிக்கிழமை பெயிண்டரை வரச் சொல்லியிருக்கிறார்.