சுண்ணாம்புச் சுவருக்குச் சிமெண்ட் பூசாதீர்கள்

காரைக்குடி, கானாடுகாத்தான், பள்ளத்தூர்ப் பக்கத்துப் பழைய வீடுகளைப் பழுது பார்க்கக் கூப்பிடுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரி இடத்துக்குத்தான் என்னை அழைத்துப் போகிறார்கள். வளவின், அதாவது முற்றத்தைச் சுற்றிய நடுக்கட்டின், ஓரச் சுவரில், தரையிலிருந்து இடுப்பளவுக்குப் பூச்சு பொரிந்து, வெள்ளையாக உப்புப் பூத்திருக்கும். "நல்ல சிமெண்டாகப் பார்த்துத்தான் பூசினோம், மறுபடியும் உதிர்கிறதே" என்பார்கள். சிமெண்ட் பூசியதால்தான் உதிர்கிறது.

இந்த வீடுகளில் பெரும்பாலானவை 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொடங்கி 1940-கள் வரை எழுந்தவை. பர்மா, மலாயா, இலங்கை என்று கடல் கடந்து கொண்டுவிற்க, அதாவது தொழில் செய்ய, போன செட்டிநாட்டு நகரத்தார், ஈட்டியதை ஊரில் வீடாக்கினார்கள். பர்மாத் தேக்கும் இத்தாலியப் பளிங்கும் ஜப்பான் பீங்கான் ஓடும் கப்பலில் வந்தன. சுவர் மட்டும் செங்கல்லும் சுண்ணாம்பும்தான். பார்க்க வருகிறவர்கள் தேக்குத் தூணைப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். என்னைக் கேட்டால், அந்த வீட்டின் கெட்டிக்காரத்தனம் சுவரில் இருக்கிறது.

சுண்ணாம்பையும் சலித்த மணலையும் அரைத்து, கடுக்காயும் வெல்லமும் ஊறிய நீர் விட்டு, பல அடுக்காகப் பூசியிருப்பார்கள். அடுக்கு ஏற ஏற அரைப்பு நைசாகும். கடைசி அடுக்கில் முட்டையின் வெள்ளைக்கரு சேரும். அதைத் தேய்த்துத் தேய்த்து மெருகேற்றினால், சித்திரை வெயிலிலும் கை வைத்த இடம் குளிரும். வெள்ளையடிக்க வேண்டாம், ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

தரையிலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பின் நுண்துளைகள் வழியே வெளியேறிவிடும். சிமெண்ட் அந்த வழியை அடைக்கிறது. போக்கிடம் இல்லாத ஈரம் இன்னும் மேலே ஏறுகிறது. அதில் கரைந்துள்ள உப்பு, பூச்சுக்குப் பின்னால் படிகமாகிப் பூச்சைத் தள்ளுகிறது. சிமெண்ட் விழும்போது பழைய செங்கல்லின் முகத்தையும் பிய்த்துக்கொண்டுதான் விழும். பிளாஸ்டிக் பெயிண்ட் செய்வதும் இதே வேலைதான்.

சிமெண்ட் மீது எனக்குப் பகை ஒன்றுமில்லை. இந்த வீடுகளின் தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல்லே சிமெண்டும் உள்ளூர் மணலும் வண்ணமும் சேர்த்துக் கண்ணாடிமேல் வார்ப்பதுதான். தரையில் அது அழகாகவே இருக்கிறது.

சுவரைத் தொடுமுன் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். நாட்டு ஓடு விலகியிருக்கலாம். சுவர் இடுக்கில் அரசங்கன்று முளைத்திருக்கலாம். பல நேரம் குற்றவாளி தெருவில் இருக்கிறான்: ரோட்டின் மேலேயே ரோடு போட்டுத் தெருமட்டம் ஏறிவிட்டது, முற்றத்து மழைநீர் வெளியேறும் வழி அடைபட்டுவிட்டது. முகப்பு ஒரு தெருவிலும் பின்கட்டு அடுத்த தெருவிலுமாக நீளும் வீடுகளில் இரண்டு பக்கமும் இதே கதை. பழைய தாரைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்லிப் பேரூராட்சியில் மனுக் கொடுங்கள்.

அடுத்த சிக்கல் பங்கு. ஒரே வீட்டுக்குப் பல புள்ளிகள், அதாவது பங்குள்ள பல குடும்பங்கள். ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். ஓடு மாற்றும் செலவுக்கு எல்லாரும் சம்மதிப்பதற்குள் இரண்டு மழை போய்விடும். உத்திரம் உளுத்த பிறகு, பிரித்து விற்பதற்குச் சீக்கிரம் சம்மதித்துவிடுகிறார்கள். காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருக் கடைகளில் கிடக்கும் கதவும் தூணும் இப்படிப் பிரித்த வீடுகளிலிருந்து வந்தவைதான். செட்டிநாட்டு ஊர்கள் 2014-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்களுக்கான உத்தேசப் பட்டியலில் ஏறின. மகிழ்ச்சிதான்; ஆனால் பட்டியல் வந்து ஓடு மாற்றித் தராது.

ஓட்டு வேலையைப் புரட்டாசிக்குள் முடியுங்கள். சுவர் வேலையைத் தை பிறந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள். சிமெண்டைக் கொத்தி எடுத்த சுவரை உடனே பூசக் கூடாது. சில மாதங்கள் காய வேண்டும். அதுவரை செங்கல் தெரிந்து, பார்க்க அசிங்கமாகத்தான் இருக்கும். வளவில் கல்யாணம் வைத்திருப்பவர்கள் அதையும் கணக்கில் வைத்து நாள் குறியுங்கள்.