இடம் மட்டமா என்று கேட்கும் ஃப்ரிட்ஜ்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி நீளமாக ஒரு கடிதம் எழுதியிருக்கிறார். கோடையில் அமெரிக்காவுக்கு மகள் வீட்டுக்குப் போனவரை, ஒரு ஆர்.வி.யை வாடகைக்கு எடுத்து டென்னசியில் ஸ்மோக்கி மலைப்பக்கம் ஒரு வாரம் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். ஆர்.வி. என்பது படுக்கை, அடுப்பு, கழிப்பறை எல்லாம் உள்ளேயே உள்ள வண்டி. பஸ் அளவுக்கு இருக்கும். இரவானால் கேம்ப்கிரவுண்ட் என்ற இடத்தில் காசு கட்டி நிறுத்திக்கொள்ளலாம். அம்மா சும்மா ஏறுவாரா? இரண்டு டப்பா இட்லி மாவை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டுத்தான் ஏறியிருக்கிறார்.

முதல் நாள் முழுக்க ஓட்டம். மாவு ஜில்லென்று இருந்தது. இரண்டாம் நாள் கேம்ப்கிரவுண்டில் நிறுத்தினார்கள். மூன்றாம் நாள் காலை கதவைத் திறந்தால் மாவு பொங்கி, மூடியைத் தள்ளிக்கொண்டு, கீழ்த்தட்டுத் தயிர்மேல் வழிந்திருக்கிறது. விளக்கு எரிகிறது, குளிர்ச்சி மட்டும் இல்லை. வண்டிக்காரருக்குப் போன் போட்ட மருமகன், அவர் கேட்டதைத் தமிழில் சொன்னார்: "இடம் மட்டமா இருக்கான்னு கேக்கறார், அத்தை." அத்தை சொன்ன பதில்: "படுமட்டம்னு சொல்லுங்க, மாப்பிள்ளை!"

அவர் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நுழைவுவழியில் வளைவு திரும்பும்போது பின்பக்கம் மரத்தில் உரசியதாம். மின்கம்பம் ஒரு பக்கம், வண்டியின் பிளக் மறுபக்கம். கழிவுநீர்க் குழி, வண்டியின் குழாயைவிட உயரத்தில். மத்தியானம் எல்லா வண்டியிலும் ஏ.சி. ஓடினால் வோல்டேஜ் விழுகிறது. 120 வோல்ட் வரவேண்டிய இடத்தில் மருமகனின் மீட்டர் 105 காட்டியது. கூடவே தரை சரிவு. கடைசியில் கேட்கிறார்: "ஓடும்போது குளிர்ந்த ஃப்ரிட்ஜ் நின்றதும் ஏன் கெட்டது? ஃப்ரிட்ஜுக்கும் தரைக்கும் என்ன சம்பந்தம்?"

மற்றவற்றை முதலில் வேகமாக முடித்துவிடுகிறேன். வளைவில் பின்சக்கரம் முன்சக்கரத்தின் தடத்தில் போகாது, உட்பக்கமாக வெட்டிக்கொண்டு போகும். சக்கரங்களுக்கு இடையிலான நீளம் இரட்டித்தால் இந்த வெட்டு ஏறக்குறைய நான்கு மடங்காகும். காருக்குப் போட்ட வளைவில் பஸ் நீள வண்டி மரத்தை உரசாமல் என்ன செய்யும்? கழிவுநீர் மேட்டுக்கு ஏறாது என்பதற்கு விளக்கம் வேண்டாம். வோல்டேஜ் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்குப் புதிதா என்ன? கம்பி நீளமும் மின்னோட்டமும் கூடினால் கடைசி வீட்டில் மின்விசிறி முனகும்.

ஆனால் இந்த இடங்களை முட்டாள்கள் வடிவமைத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். 1920களில் அமெரிக்கர்கள் காரை எடுத்துக்கொண்டு காட்டுக்குள் போய் கண்ட இடத்தில் நிறுத்திக் கூடாரம் போட்டார்கள். சக்கரங்கள் மண்ணை இறுக்கின, மரங்களின் வேர்கள் நலிந்தன. எமிலியோ மைனெக்கி என்ற தாவர நோயியல் அறிஞர் இதை ஆராய்ந்து, 1932இல் ஒரு திட்டம் எழுதினார். ஒருவழி வட்டப்பாதை, அதிலிருந்து ஒவ்வொரு காருக்கும் ஒரு சிறு கிளை, கார் அதைத் தாண்டாதபடி பாறைகளும் மரக்கட்டைகளும். அமெரிக்கக் கேம்ப்கிரவுண்டின் அடிப்படை வடிவம் இன்றும் இதுதான். மரத்தைக் காப்பாற்றுவது அவர் கவலை. மரம் எங்கே நின்றதோ அதற்கேற்பப் பாதை வளைந்தது. அன்றைய கார் 5 மீட்டர்கூட இராது. இன்றைய பெரிய ஆர்.வி. 13 மீட்டரைத் தொடுகிறது. கூடாரத்துக்குத் தரை கொஞ்சம் சரிந்திருந்தால் நல்லது, மழைநீர் வடியும். சரிவு யாருக்கு ஆகாது என்றால், நம் ஃப்ரிட்ஜுக்கு.

சரி, இப்போது எனக்குப் பிடித்த விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டு ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் ஒரு கம்ப்ரஸர் உர்ரென்று ஓடும். சில ஹோட்டல் அறைகளில் உள்ள குட்டி ஃப்ரிட்ஜைக் கவனித்திருக்கிறீர்களா? சத்தமே வராது. அதற்குள் கம்ப்ரஸர் இல்லை. மோட்டார், விசிறி, அசையும் பாகம் எதுவுமே இல்லை. ஆர்.வி.க்களில் பல பத்தாண்டுகளாக இருந்துவருவது இந்த வகைதான். மின்சாரம் இல்லாத காட்டில் நிற்கும் வண்டியில் சமையலுக்கு ஒரு கேஸ் சிலிண்டர் எப்படியும் இருக்கும். அதே கேஸில் ஒரு சின்னச் சுடரை ஏற்றினால் ஃப்ரிட்ஜ் ஓடும். தீ மூட்டினால் மேலே ஐஸ் உறைகிறது. முதன்முறை கேட்டபோது நான் நம்பவில்லை.

திரவம் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்ளும். மண்பானைத் தண்ணீர் குளிர்வது அதனால்தான். வீட்டு ஃப்ரிட்ஜில் கம்ப்ரஸர் ஒரு பக்கம் அழுத்தத்தைக் கூட்டி வாயுவைத் திரவமாக்குகிறது, மறுபக்கம் அழுத்தத்தைக் குறைத்து அதை ஆவியாக்குகிறது. கம்ப்ரஸர் இல்லாத ஃப்ரிட்ஜிலோ குழாய் முழுவதும் ஒரே அழுத்தம், காற்றழுத்தத்தைப்போல 20 மடங்குக்கும் மேல். உள்ளே இருப்பது அம்மோனியா. இந்த அழுத்தத்தில் அது 50 டிகிரி வெயிலில்கூடத் திரவமாகிவிடும். அப்படியென்றால் அதே அழுத்தத்தில் மைனஸ் 20 டிகிரியில் எப்படி ஆவியாகிறது?

மாடியில் காயப்போட்ட வேட்டியை நினைத்துப் பாருங்கள். தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும் என்று படித்திருக்கிறோம். வேட்டி 100 டிகிரிக்காகக் காத்திருக்கிறதா? 30 டிகிரியிலேயே காய்கிறது. ஏனென்றால் சுற்றியுள்ள காற்றில் நீராவியின் பங்கு குறைவு. மொத்தக் காற்றழுத்தம் எவ்வளவாயிருந்தாலும், தண்ணீர் பார்ப்பது நீராவியின் பகுதி அழுத்தத்தை மட்டும்தான். சென்னையில் ஐப்பசி மாதம் துணி காயாமல் நாறுவதும் இதே கணக்கு. பள்ளியில் டால்டன் விதி என்று மனப்பாடம் செய்தது இதைத்தான்.

இந்த ஃப்ரிட்ஜில் அந்த உலர்காற்றின் வேலையைச் செய்வது ஹைட்ரஜன். உறையும் அறையைச் சுற்றியுள்ள குழாயில் ஹைட்ரஜன் நிரம்பியிருக்கிறது. மேலேயிருந்து திரவ அம்மோனியா அதற்குள் வழிகிறது. அங்கே மொத்த அழுத்தம் 20 என்றால், 18 ஹைட்ரஜனுடையது, அம்மோனியாவின் பங்கு 2தான். அம்மோனியாவுக்கு அது கிட்டத்தட்ட காலி வீடு. மளமளவென்று ஆவியாகிறது, மாவிலிருந்தும் தயிரிலிருந்தும் வெப்பத்தை உறிஞ்சிக்கொண்டு. அழுத்தத்தைக் குறைக்காமலேயே, குறைந்துவிட்டதாக அம்மோனியாவை ஏமாற்றியாயிற்று! இதைவிடக் குறும்பான பொறியியலை நான் அதிகம் பார்த்ததில்லை.

இனி அந்த அம்மோனியாவைத் திரும்பப் பிடிக்க வேண்டும். ஹைட்ரஜனின் மூலக்கூறு நிறை 2, அம்மோனியாவுக்கு 17. அம்மோனியா கலந்த வாயு கனத்துப்போய்த் தானாகக் கீழே இறங்குகிறது. கீழே இன்னொரு சாய்வுக் குழாயில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கிறது. அம்மோனியாவுக்கும் தண்ணீருக்கும் உள்ள ஒட்டுதல் பிளஸ் டூ ஆய்வகத்தில் நீரூற்றுச் சோதனை பார்த்தவர்களுக்குத் தெரியும். சாதாரண வெப்பநிலையில் ஒரு லிட்டர் தண்ணீர் சுமார் 700 லிட்டர் அம்மோனியாவைக் குடித்துவிடும். ஹைட்ரஜனைத் தண்ணீர் சீண்டுவதில்லை. பாரம் இறங்கிய ஹைட்ரஜன் லேசாகி மேலே ஏறி, அடுத்த அம்மோனியாவை வரவேற்கப் போய்விடுகிறது.

அம்மோனியா குடித்த தண்ணீர் கொதிகலனுக்கு வருகிறது. சுடர் இருப்பது அங்கேதான். சூட்டில் அம்மோனியா குமிழி குமிழியாக வெளியேறுகிறது. அந்தக் குமிழிகள் ஒரு மெல்லிய குழாய்க்குள் புகுந்து, தமக்கு மேலே உள்ள திரவத்தைத் துண்டு துண்டாகத் தூக்கிக்கொண்டு போகின்றன. கொங்குப் பக்கம் கிணறுகளில் கம்ப்ரஸர் மோட்டார் பார்த்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். போர்க்குழிக்குள் காற்றை அனுப்பினால் தண்ணீரும் காற்றும் கலந்து புஸ் புஸ்ஸென்று மேலே வருமே, அதேதான். குமிழிதான் இங்கே பம்பு. மேலே வந்ததும் அம்மோனியா வாயு இன்னும் ஏறி, வண்டியின் வெளிச்சுவர்ப் பக்கம் உள்ள தகடுகளில் சூட்டை விட்டுத் திரவமாகிறது. அம்மோனியா நீங்கிய தண்ணீர், அடுத்த வாயுவைக் குடிக்கச் சாய்வுக் குழாய்க்குப் போகிறது.

சுடர் திரவத்தை மேலே தூக்கிவிடுகிறது. அங்கிருந்து கீழே இறங்கும் ஒவ்வொரு அடியும் பூமியின் ஈர்ப்பால். குழாய்கள் ஒவ்வொன்றும் மெல்லிய சாய்வில் வளைக்கப்பட்டிருக்கும். அந்தச் சாய்வு பூமியோடு ஒப்பிட்டுக் கணக்கிட்டது; வண்டி சாய்ந்தால் கணக்கும் சாய்ந்தது. சிறிய ஒரு குழாய் வளைவில் அம்மோனியா குளம்போல் தேங்கிவிட்டால் போதும், மேற்கொண்டு வழியாது. கொதிகலனுக்குத் திரும்பவேண்டிய நீர் திரும்பாது. சுடரோ அதை அறியாமல் எரிந்துகொண்டே இருக்கும்.

பழைய மாடல்களுக்குச் சொல்லப்படும் வரம்பு, ஃப்ரிட்ஜுக்கு எதிரே நின்று பார்த்தால் பக்கவாட்டில் 3 டிகிரி, முன்பின்னாக 6 டிகிரி. கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும். ஃப்ரிட்ஜ் பெரும்பாலும் வண்டியின் பக்கச்சுவரில் பொருத்தப்படுவதால், அதன் பக்கவாடு வண்டிக்கு நீளவாக்கு. 8 மீட்டர் வண்டியில் நீளவாக்கில் ஏறக்குறைய ஒரு முழம், குறுக்கே சக்கரத்துக்குச் சக்கரம் ஒரு சாண். இதற்கு மேல் ஏற்ற இறக்கம் இருந்தால் மாவு பொங்கும். மலைச்சரிவில் வெட்டிய இடத்தில் ஒரு முழம் பெரிய விஷயமா?

அப்படியானால் மலைப்பாதையில் ஓடும்போது சாயவில்லையா? சாய்ந்தது, ஆனால் ஒரே பக்கம் அல்ல. வலப்பக்கம் தேங்கியது அடுத்த வளைவில் இடப்பக்கம் வழிந்துவிடும். வண்டியின் ஆட்டமே தேக்கத்தைக் கலைத்துக்கொண்டிருந்தது. நின்ற பிறகுதான் தேங்கியது அப்படியே கிடந்தது.

கூடவே அந்த 105 வோல்ட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கேம்ப்கிரவுண்டில் மின்சாரம் கிடைத்ததும் கேஸை அணைத்து மின்சாரத்துக்கு மாற்றியிருக்கிறார்கள். சூடேற்றும் கம்பியின் திறன் வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 105ஐ 120ஆல் வகுத்து வர்க்கம் எடுத்தால் 0.77. வோல்டேஜ் எட்டில் ஒரு பங்கு குறைந்ததற்கு வெப்பம் ஏறக்குறைய கால் பங்கு போய்விட்டது. குமிழிப் பம்புக்கு அரைவயிறு. கேம்ப்கிரவுண்டின் இரண்டு குறைகள் கைகோத்து ஒரே டப்பா மாவைத் தாக்கியிருக்கின்றன.

இதைக் கண்டுபிடித்தவர்கள் ஸ்வீடனில் பொறியியல் படித்துக்கொண்டிருந்த இரண்டு இளைஞர்கள், பால்ட்ஸார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ். ஆண்டு 1922. அம்மோனியாவையும் தண்ணீரையும் வைத்துக் குளிரூட்டுவது 1859இலேயே பிரான்சின் ஃபெர்டினாண்ட் காரே செய்துகாட்டியதுதான். ஹைட்ரஜனைச் சேர்த்துப் பம்பையே ஒழித்தது இந்த மாணவர்களின் யோசனை. 1925இல் எலக்ட்ரோலக்ஸ் இதை விற்கத் தொடங்கியது. அடுத்து ஐன்ஸ்டீனும் லியோ ஸிலார்டும் சேர்ந்து அசையும் பாகமில்லாத வேறு ஃப்ரிட்ஜ்களை வடிவமைத்து, 1930இல் அமெரிக்காவில் காப்புரிமையும் வாங்கினார்கள். சார்பியல் எழுதிய மனிதர் ஃப்ரிட்ஜுக்கு நேரம் ஒதுக்கியிருக்கிறார். நம் கல்லூரிகளில் ஒரு மாணவன் இப்படி ஒரு யோசனையோடு வந்தால் முதலில் "மார்க்கெட் இருக்கா?" என்று கேட்போம், அப்புறம் ஆய்வகச் சாவியைத் தேடுவோம். மாணவர் திட்டங்களுக்கு ஒதுக்கும் பணம் தேநீர்ச் செலவுக்கே பற்றாது என்பது என் பழைய புலம்பல், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

ஆர்.வி.க்காரர்களிடம் ஒரு வைத்தியம் உண்டு. செத்துப்போன இந்த வகை ஃப்ரிட்ஜைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்து வைத்துவிட்டு, மறுபடி நிமிர்த்தினால் பிழைத்துக்கொள்ளும் என்பார்கள். மந்திரம்போல் தோன்றும். ஆனால் தேங்கியது கலைந்து, பிரிந்தது கலந்து, சில சமயம் உண்மையிலேயே பிழைக்கும். சரிவில் பலநாள் ஓடியதென்றால் பிழைக்காது: குழாய் துருப்பிடிக்காமலிருக்கத் தண்ணீரில் சோடியம் குரோமேட் கலந்திருப்பார்கள், நீர் வற்றிய கொதிகலனில் அது படிந்து மெல்லிய குமிழிக் குழாயை அடைத்துவிடும். அதற்கு எந்தக் கவிழ்ப்பும் உதவாது. இதையெல்லாம் கேட்ட நண்பர் ஒருவர், ஈசான மூலை தாழ்ந்திருந்தால் வாஸ்துப்படி நல்லதாயிற்றே என்றார். ஃப்ரிட்ஜுக்குத் திசை தெரியாது, கீழே எது என்பது மட்டும்தான் தெரியும்.

வாசகிக்கு: அடுத்த முறை வண்டியை நிறுத்தியதும், ஏ.சி. போடுவதற்கு முன்னால், கொத்தனாரின் ரசமட்டம் ஒன்றை ஃப்ரிட்ஜின் உள்தட்டில் நீளவாக்கிலும் குறுக்கிலும் வைத்துப் பாருங்கள். குமிழி ஓரத்துக்கு ஓடினால் தாழ்ந்த சக்கரத்துக்கு அடியில் பலகை கொடுத்து ஏற்றச் சொல்லுங்கள். மத்தியான வெயிலில் மின்சாரத்தை விட்டுக் கேஸுக்கு மாற்றுங்கள். புதிய வண்டிகளில் 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜ் வந்துவிட்டது. அது கிடைத்தால் இத்தனை பாடும் இல்லை.

என் பெரியப்பா வால்பாறையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கராக இருந்தார். அவர் குவார்ட்டர்ஸில் மண்ணெண்ணெயில் ஓடும் ஃப்ரிட்ஜ் ஒன்று இருந்தது, இதே வகைதான். அதன் ஒரு காலுக்கு அடியில் மடித்த தகரத்துண்டு ஒன்று கிடக்கும். பந்து உருண்டு அடியில் போனால்கூட எங்களை எடுக்க விடமாட்டார், அவரே குனிந்து குடைக்காம்பால் தள்ளித் தருவார். அந்தத் தகரத்தை ஏன் யாரும் தொடக்கூடாது என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.