ஒரு முடியளவு நீட்சி

வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார்: “நேர்கோட்டில் குறுந்தூரம் பாயும் டிராக் (drag) பந்தயத்துக்காக என் காருக்கு எடை குறைந்த அலுமினிய வீல்கள் வாங்கினேன். அவற்றின் நடுப்பகுதி பழைய வீலைவிடத் தடிமன். அதனால் பழைய ஸ்டட்டில் நட் ஐந்து சுற்றுதான் ஏறுகிறது. ஆனாலும் நன்றாக இறுகுகிறது. இது போதாதா? மாற்றித்தான் ஆக வேண்டுமென்றால், கிடைப்பதிலேயே மிகக் கடினமான ஸ்டட்டை வாங்கிவிடலாமா?”

ஐந்து சுற்று போதாது. கடினமானதைத் தேடி ஓடவும் வேண்டாம். இரண்டுக்கும் காரணம் ஒன்றே. அதைச் சொல்லக் கிடைத்த வாய்ப்பாகவே இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன்.

அச்சின் முனையில் வீலைத் தாங்கும் பகுதிதான் ஹப். அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் மரையிட்ட எஃகுத் தண்டுகள்தாம் ஸ்டட்கள். வீலை அவற்றில் செருகி நட் போட்டு முடுக்குகிறோம். சுவரில் அடித்த ஆணியில் சட்டை தொங்குவதைப் போல, வண்டியின் எடை இந்த ஸ்டட்களில் தொங்குகிறது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அப்படி நினைப்பவர் தடித்த ஆணியை, கடினமான ஆணியைத் தேடுவது இயல்பு.

உண்மையில் நடப்பது வேறு. ஏழெட்டுப் புத்தகங்களை வரிசையாக நிறுத்தி, இரு முனைகளிலும் உள்ளங்கைகளை வைத்து அழுத்தித் தூக்கிப் பாருங்கள். நடுவில் உள்ள புத்தகத்தை யாரும் பிடிக்கவில்லை. ஆனாலும் அது விழுவதில்லை. அழுத்தமும், அதனால் பிறக்கும் உராய்வும் அதைத் தாங்குகின்றன. வீலும் ஹப்பும் அப்படித்தான் ஒன்றையொன்று பற்றியிருக்கின்றன. ஸ்டட்டின் வேலை இரண்டையும் சேர்த்து அழுத்துவது. சரியாக முடுக்கிய ஸ்டட்டின் மேல் பக்கவாட்டுச் சுமை ஏறக்குறைய வருவதே இல்லை.

அந்த அழுத்தம் எப்படிக் கிடைக்கிறது? ஸ்டட் நீளுவதால் கிடைக்கிறது. பள்ளியில் படித்த ஹூக் விதிதான்: இழுக்கும் விசைக்கு ஏற்ற அளவில் நீட்சி. எஃகும் ஒரு சுருள்வில்தான், மிக விறைப்பான சுருள்வில். 12 மில்லிமீட்டர் விட்டமும் 1.5 மில்லிமீட்டர் மரை இடைவெளியும் கொண்ட சாதாரண ஸ்டட்டை எடுத்துக்கொள்வோம். நட்டை 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையில் முடுக்கினால், ஸ்டட்டில் சுமார் 42,000 நியூட்டன் இழுவிசை உண்டாகிறது. நான்கு டன்னுக்கு மேற்பட்ட எடையைக் கட்டித் தொங்கவிட்டதற்குச் சமம். நட்டுக்கும் ஹப்புக்கும் இடையில் ஸ்டட்டின் 30 மில்லிமீட்டர் நீளம் இருந்தால், அது எவ்வளவு நீளும்? கணக்குப் போட்டால் 0.07 மில்லிமீட்டர் வருகிறது. ஒரு தலைமுடியின் தடிமன்.

பல ஆண்டுகளாக இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்துவருகிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வியப்புக் குறைவதில்லை. ஒன்றரை டன் எடையுள்ள வண்டி, அதன் வேகம், உள்ளே இருக்கும் உயிர், எல்லாமே வீலுக்கு ஐந்து எஃகுத் தண்டுகள் முடியளவு நீண்டு நிற்பதை நம்பியிருக்கின்றன. அந்த நீட்சி போனால் அழுத்தம் போகும். அழுத்தம் போனால் உராய்வு போகும்.

நாம் கொடுக்கும் 100 நியூட்டன் மீட்டரில் ஏறக்குறைய 10 மட்டுமே ஸ்டட்டை நீட்டுகிறது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மீதி 90-ஐ மரையின் உராய்வும் நட் உட்காரும் இடத்தின் உராய்வும் தின்றுவிடுகின்றன. ஆகவே மரையில் எண்ணெய் தடவி, அதே 100-க்கு முடுக்கினால் என்ன ஆகும்? உராய்வு குறைந்த அளவுக்கு இழுவிசை கூடும். 42,000 நியூட்டன் 60,000-ஐ நெருங்கிவிடலாம். 10.9 என்று பொறித்த ஸ்டட் அதைத் தாங்கும். 8.8 என்று பொறித்ததை அது மீட்சி எல்லைக்கு அப்பால் கொண்டுபோகும். எல்லை தாண்டி நீண்ட எஃகு பழைய நீளத்துக்குத் திரும்பாது. எனவே ஸ்டட் தயாரிப்பாளர் சொல்லும் முறுக்குவிசை உலர்ந்த மரைக்கா, எண்ணெயிட்ட மரைக்கா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளாமல் ஸ்பேனரைத் தொடக்கூடாது.

8.8, 10.9 என்ற இந்த எண்களுக்குப் பொருள் தெரியாமலேயே பலர் வாங்குகிறார்கள். புள்ளிக்கு முன்னால் உள்ளதை நூறால் பெருக்கினால் எஃகு அறுபடும் தகைவு, அதாவது பரப்பின் ஓர் அலகு தாங்கும் விசை, மெகாபாஸ்கலில் கிடைக்கும். புள்ளிக்குப் பின்னால் உள்ளது, அதில் பத்தில் எத்தனை பங்கு வரை எஃகு மீளும் என்பதைச் சொல்லும். 10.9 என்றால் 1,000. அதில் 90 விழுக்காடு.

இனி முடியளவு நீட்சிக்கு வருவோம். வீல் ஹப்பில் உட்காரும் முகத்தில் பெயின்ட் பூச்சு இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட ஓட, சூடேற ஏற, அது நசுங்கி 0.03 மில்லிமீட்டர் உள்ளே போய்விடுகிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு. ஆனால் ஸ்டட் நீண்டதே 0.07தான். வீலும் ஹப்பும் சற்று நசுங்கியிருப்பதைச் சேர்த்தால் மொத்தம் 0.09 வரலாம். அதில் 0.03 போனால், அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது! யாரும் நட்டைத் தளர்த்தவில்லை. நட் ஒரு இம்மியும் சுழலவில்லை.

நீளமான ஸ்டட்டின் அருமை இங்கேதான் தெரிகிறது. நட்டுக்கும் ஹப்புக்கும் இடைப்பட்ட தூரம் 45 மில்லிமீட்டர் ஆனால், அதே இழுவிசைக்கு நீட்சி ஒன்றரை மடங்காகும். அதே 0.03 நசுங்கினாலும் இழப்பு ஐந்தில் ஒரு பங்கைச் சற்றுத் தாண்டுவதோடு நின்றுவிடும். நீண்ட சுருள்வில் சிறு தளர்ச்சியைப் பொறுத்துக்கொள்கிறது. தடித்த பந்தய வீலுக்கு நீண்ட ஸ்டட் தேவைப்படுவதைச் செலவாக மட்டும் பார்க்காதீர்கள்.

டிராக் பந்தயத்தில் இதெல்லாம் ஏன் இவ்வளவு முக்கியம்? ஐந்து ஸ்டட்கள், ஒவ்வொன்றிலும் 42,000 நியூட்டன். உராய்வுக் குணகம் 0.15 என்றும், ஸ்டட்கள் அமைந்த வட்டத்தின் ஆரம் 57 மில்லிமீட்டர் என்றும் கொண்டால், வீல் நழுவாமல் கடத்தக்கூடிய முறுக்குவிசை தோராயமாக 1,800 நியூட்டன் மீட்டர். சாலையில் ஓரளவு விரட்டி ஓட்டும் 1,500 கிலோ காரில், 0.4 ஜி முடுக்கத்தில் (ஒரு ஜி என்பது புவியீர்ப்பு முடுக்கம்), பின்வீல் ஒன்றுக்குத் தேவைப்படுவது 1,000-க்கும் கீழே. போதுமான இருப்பு கையில் இருக்கிறது. அதே கார் ஒட்டும் தன்மையுள்ள பந்தய டயர்களோடு, நின்ற இடத்திலிருந்து 1.5 ஜி முடுக்கத்தில் பாய்ந்தால் தேவை 3,600-ஐத் தாண்டுகிறது. உராய்வின் பிடியைப்போல் இரு மடங்கு.

அரை அங்குலமும் அதற்கு மேல் ஐந்தெட்டு (5/8) அங்குலமும் விட்டமுள்ள ஸ்டட்களுக்கு டிராக் பந்தயக்காரர்கள் போவது இதனால்தான். ஐந்தெட்டு அங்குல ஸ்டட்டில் இழுவிசையைத் தாங்கும் குறுக்குவெட்டுப் பரப்பு 165 சதுர மில்லிமீட்டர். 12 மில்லிமீட்டர் ஸ்டட்டுக்கோ 88 மட்டுமே. அதே தகைவில் முடுக்கினால் பிடி ஏறக்குறைய இரு மடங்காகிறது. இதன்பிறகும் உராய்வை மட்டும் நம்பாமல், ஐந்தெட்டு அங்குல ஸ்டட்களில் மரைக்கு முன்னால் வழுவழுப்பான தோள் ஒன்றை வைத்து, அது வீலின் துளையில் நெருக்கமாகப் பொருந்தும்படி செய்கிறார்கள். பாயும் கணத்தில் மிஞ்சும் சுமையை மரை தாங்காமல் அந்தத் தோள் தாங்கிக்கொள்ளும்.

பிடி போதாமல் வீல் மிக நுண்ணிய அளவில் நழுவினால் என்ன ஆகும் என்பதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் காட்டினார். போல்ட்டால் இணைத்த தகடுகளைப் பக்கவாட்டில் முன்னும் பின்னும் அசைத்தார். நட் தானாகவே சுழன்று கழன்றது. இறுகிய கார்க்கை நேராக இழுத்தால் வராது. திருகிக்கொண்டே இழுத்தால் எளிதாக வந்துவிடும். உராய்வு ஒரு திசையில் தோற்றுவிட்டால் மற்றத் திசையிலும் எதிர்க்க அதனிடம் எதுவும் மிச்சமில்லை. நட்டும் அப்படியே: பக்கவாட்டில் நழுவும் ஒவ்வொரு முறையும், மரையின் சரிவில் சற்றுக் கீழிறங்குகிறது. ஒரு தகட்டை அசைத்து நட் கழல்வதைப் பார்க்கும் சோதனைக்கு நிதி கேட்டால், இன்றைக்கு எத்தனை குழுக்கள் கையெழுத்திடும் என்று நினைத்துப் பார்க்கிறேன். விண்வெளி ஆய்வுக்குப் பணம் கொடுப்பதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் நட் ஏன் கழல்கிறது என்ற கேள்விக்கு விடை கண்டவர் காப்பாற்றிய உயிர்கள் ஏராளம்; இப்படிப்பட்ட எளிய ஆய்வுகளுக்கும் பணம் ஒதுக்கியாக வேண்டும்.

உடைந்த ஸ்டட் ஒன்று சில ஆண்டுகளுக்கு முன் என் கைக்கு வந்தது. முறிந்த முகத்தை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தேன். மரைப் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு புள்ளி. அதைச் சுற்றி, அலை விலகிய மணலில் படியும் கோடுகளைப் போல வில் வில்லாக வரிகள். மறு ஓரத்தில் மட்டும் சொரசொரப்பான, சாம்பல் நிறப் பிறை. அந்தப் பிறைதான் கடைசிக் கணத்தில் முறிந்த பகுதி. மற்றதெல்லாம் நெடுநாளாகச் சிறுகச் சிறுக விரிந்த வெடிப்பு. உலோகச் சோர்வின் கையெழுத்து அது. போதிய அழுத்தம் இல்லாத ஸ்டட் ஒவ்வொரு சுழற்சியிலும் வளைந்து நிமிர்கிறது. இறுகிய ஸ்டட்டோ அந்த ஏற்ற இறக்கத்தை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அந்த ஸ்டட்டின் எஃகில் குறையில்லை. அதைத் தளர்வாக விட்டிருக்கிறார்கள்.

இதனால்தான் கடினத்தின் மேல் உள்ள நம்பிக்கையை மூடநம்பிக்கை என்று சொல்லத் துணிகிறேன். மிகக் கடினமான எஃகுக்கு மின்முலாம் பூசும்போது ஹைட்ரஜன் அணுக்கள் உள்ளே புகுந்துவிடும். சூளையில் வைத்து அவற்றை வெளியேற்றாவிட்டால், முடுக்கிய சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ ஸ்டட் எந்த அறிகுறியும் காட்டாமல் முறியலாம். எனவே 12.9 வாங்குவதானால் அதன் பூச்சைப் பற்றி விசாரியுங்கள். கடினத்தைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, மரையை வெட்டி எடுத்தார்களா, உருட்டி அழுத்தி உருவாக்கினார்களா என்பது. உருட்டிய மரையின் பள்ளங்களில் எஃகு நெருங்கி அழுந்திக் கிடப்பதால், வெடிப்பு தொடங்குவது கடினம்.

ஸ்டட்டின் கழுத்தில் உள்ள பல்வரிசையின் விட்டத்தையும் அளந்து வாங்குங்கள். ஹப்பின் துளைக்கு அது சிறிதானால் முடுக்கும்போது ஸ்டட் கூடவே சுழலும். பெரிதானால் ஹப் வெடிக்கும். நட்டின் அடி, வீல் துளையின் வடிவத்தோடு பொருந்த வேண்டும்: கூம்புக்குக் கூம்பு, தட்டைக்கு வாஷருடன் தட்டை.

இனி ஐந்து சுற்று. அமெரிக்காவில் டிராக் பந்தயங்களை நடத்தும் என்.எச்.ஆர்.ஏ. அமைப்பின் விதி, நட்டுக்குள் மரை குறைந்தது ஸ்டட்டின் விட்டத்தளவு ஏறியிருக்க வேண்டும் என்கிறது. உங்கள் ஸ்டட் நான் கணக்குக்கு எடுத்துக்கொண்ட அதே அளவு என்றால் 12 மில்லிமீட்டர், அதாவது எட்டுச் சுற்று. உங்களுக்கு ஏறுவதோ 7.5 மில்லிமீட்டர். முடுக்கும்போது ஸ்டட் நீள்கிறது, நட் நசுங்குகிறது. மரைகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல், முதல் சுற்றே மூன்றில் ஒரு பங்குச் சுமையை ஏற்கிறது. அது விட்டுக்கொடுத்தால் அடுத்தடுத்த சுற்றுகள் தோள் கொடுக்க வேண்டும். ஐந்து சுற்றில் அப்படி வரிசையில் நிற்க ஆளில்லை. இறுகுவதுபோலவே இருக்கும், மரை உள்ளுக்குள் சிதைந்துகொண்டிருக்கும். முனை திறந்த நட்டைப் போட்டு, ஸ்டட் வெளியே எட்டிப் பார்க்கும் நீளத்துக்கு வாங்குங்கள்; எத்தனை மரை ஏறியிருக்கிறது என்பது பார்த்தவுடன் தெரியும்.

வீல் உட்காரும் முகத்தில் பெயின்ட் இருந்தால் சுரண்டி எடுங்கள். முதல் ஓட்டம் முடிந்து வீல் ஆறியதும் முறுக்குவிசையை அளந்து முடுக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து ஒவ்வொரு நட்டையும் பாருங்கள். 0.03 மில்லிமீட்டர் தளர்ச்சியை ஈடுகட்ட நட் சுழல வேண்டிய கோணம் 7 டிகிரிதான், கடிகாரத்தின் நிமிட முள் ஒரு நிமிடத்தில் நகர்வதைவிடச் சற்றே அதிகம். ரெஞ்ச் ‘கிளிக்’ என்று சொல்வதற்கு முன் நட் அவ்வளவு நகர்ந்தால், மூன்றில் ஒரு பங்கு பிடி இல்லாமல்தான் அந்த ஓட்டத்தை ஓடியிருக்கிறீர்கள்.