காளிகேசத்துக்கு நாயைக் கூட்டிக்கொண்டு போக வேண்டாம்

பள்ளி விடுமுறை விட்டாலும் சரி, ஆனி ஆடிச் சாரல் பிடித்தாலும் சரி, நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து மக்கள் கால்நடை மருத்துவரான என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி இது: “டாக்டரே, குடும்பத்தோட காளிகேசம் போறோம். நாயையும் கூட்டிட்டுப் போகலாமா? என்ன ஊசி போடணும்?” வீட்டுப் பிள்ளை போல வளர்க்கிற நாயை விட்டுவிட்டுப் போக மனசு வராதுதான். ஆனாலும் என் பதில் எப்போதும் ஒன்றே. காளிகேசம் காட்டுக்குள் ஆற்றங்கரையில் இருக்கிற இடம். காட்டுக்குள் நாய் வேண்டாம். எல்லா ஊசியும் போட்டிருந்தாலும் வேண்டாம்.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் தேசியப் பூங்கா கிடையாது. இருப்பது 2008-ல் அறிவிக்கப்பட்ட கன்னியாகுமரி வன உயிரினச் சரணாலயம். பரப்பு 402 சதுர கிலோமீட்டர், அதாவது மாவட்டத்தில் ஏறக்குறைய கால் பங்கு. ஒரு பக்கம் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம், இன்னொரு பக்கம் கேரளத்து நெய்யாறு சரணாலயம். யானைக்கும் புலிக்கும் மூன்றும் ஒரே காடுதான். சரணாலயத்துக்குள் நுழையவே வனத்துறையின் அனுமதி வேண்டும். சுற்றுலாவுக்குத் தரும் அனுமதி மனிதர்களுக்கு மட்டுமே. 1972-ம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், விலங்கைக் கொல்வதை மட்டும் வேட்டை என்று சொல்லவில்லை. துரத்துவதும் விரட்டுவதும் அதற்கு முயல்வதும்கூட வேட்டைதான். உங்கள் நாய் மிளா என்கிற பெரிய மானைத் துரத்தினால், “சும்மா விளையாடிச்சு” என்பது பதில் ஆகாது.

தேக்கடியில் இருக்கும் பெரியார், மூணாறு பக்கத்து எரவிகுளம் ஆகிய தேசியப் பூங்காக்களிலும் இதே நிலைதான். நாயை அனுமதிக்கும் தங்குமிடம் என்று இணையத்தில் போட்டிருந்தால் அது அறைக்கு மட்டும் பொருந்தும், பூங்காவுக்கு அல்ல. வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்து, அங்கே மட்டும் விடுகிறார்களே என்று கேட்பவர்களும் உண்டு. அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் பூங்காவில் நாய்க்கு 6 அடிக்கு மிகாத பெல்ட் கட்ட வேண்டும். சாலை, வண்டி நிறுத்துமிடம், கூடாரம் போடும் இடம் ஆகியவற்றிலிருந்து 100 அடிக்கு மேல் அதைக் கொண்டு போகக் கூடாது. நடைபாதைகளில் அறவே அனுமதி இல்லை.

சரி, சட்டம் இருக்கட்டும். எனக்குப் பெரிய கவலை நோய்தான். டிஸ்டெம்பர் என்ற வைரஸ் நோயை நாய் வளர்ப்பவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். கண்ணிலும் மூக்கிலும் சளி, காய்ச்சல், கழிச்சல், முற்றினால் வலிப்பு. அறிகுறி தெரிவதற்கு முன்பே நாயின் எச்சிலிலும் சளியிலும் சிறுநீரிலும் வைரஸ் வெளியேறத் தொடங்கிவிடும். பார்வைக்கு நன்றாக இருக்கிற நாயும் பரப்பும். செந்நாய், நரி, மரநாய், சிறுத்தை, புலி எல்லாவற்றுக்கும் இது தொற்றும். 1994-ல் தான்சானியாவின் செரங்கெட்டியில் இந்த நோய் பரவி, அங்கிருந்த சிங்கங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு செத்தன. சுற்றுக் கிராமத்து நாய்களிடமிருந்து போன வைரஸ் அது. குஜராத்தின் கிர் காட்டில் 2018-ல் சில வாரங்களுக்குள் 20-க்கும் மேற்பட்ட சிங்கங்கள் இறந்தன. இறந்தவற்றில் சிலவற்றில் இதே வைரஸ் இருந்தது தெரிய வந்தது. நாய்க்கு ரத்தக் கழிச்சலைக் கொண்டுவரும் பார்வோ வைரஸ் இன்னும் பிடிவாதமானது. நாயின் மலம் விழுந்த மண்ணில் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும்.

தடுப்பூசி இந்த ஆபத்தைப் பெருமளவு குறைக்கும், சந்தேகமில்லை. ஆனால் உண்ணி, குடற்புழு, சொறிப் பூச்சி இவற்றை ஊசி தடுக்காது. நாயின் வாடையையும் தடுக்காது. கேளையாடு என்கிற சின்ன மானுக்கும் மிளாவுக்கும் நாய் வாடை என்றால் கொல்ல வருகிற விலங்கின் வாடை. பெல்ட்டில் கட்டிச் சமர்த்தாக நடத்திக்கொண்டு போனாலும், நீங்கள் போன பிறகு அந்த ஓடைக்கரையில் வாடை நிற்கும். தண்ணீர் குடிக்க வரும் தாயும் குட்டியும் அந்த இடத்தை ஒதுக்கிவிட்டுப் போகும்.

நாய்க்கும் உங்களுக்கும் என்ன ஆபத்து என்று பார்ப்போம். யானையையோ கரடியையோ பார்த்தால் நாய் குரைக்கும். அந்த விலங்கு திரும்பி விரட்டினால் நாய் எங்கே ஓடும்? நேராக உங்களிடம். பின்னாலேயே யானையும் வரும். சிறுத்தைக்கு நாய் விருப்பமான இரை. இருட்டில் காட்டோரம் கட்டிப் போட்ட நாய் தப்பிக்க வழியே இல்லை.

ரப்பர் தோட்டத்துச் சருகுக்குள் குழிவிரியன் கிடக்கும், மூக்கு நுனி சற்றே மேலே தூக்கிய சின்னப் பாம்பு. நாய் எதையும் மூக்கால்தானே ஆராயும், கடி முகத்தில்தான் விழும். நம் நாட்டில் கிடைக்கும் பாம்பு விஷமுறிவு மருந்து நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கு மட்டுமே. இந்தக் குழிவிரியனின் விஷத்துக்கு அது வேலை செய்யாது. பாம்பு கடித்தால் கீறாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள், நாயை நடக்க விடாதீர்கள். தூக்கிக்கொண்டு உடனே மருத்துவரிடம் வாருங்கள். பாம்பைத் தேடி நேரத்தைக் கடத்தவும் வேண்டாம்.

உள்ளே விட மாட்டார்கள் என்று தெரிந்ததும் சிலர் நாயைக் காரில் பூட்டிவிட்டு ஆற்றில் குளிக்கப் போகிறார்கள். தயவுசெய்து இதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். பூட்டிய காருக்குள் பத்தே நிமிடத்தில் வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் வரை ஏறும். கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய பயன் இல்லை. நாய் உடம்பு முழுக்க வியர்த்துச் சூட்டைத் தணிக்காது, இரைத்துத்தான் தணிக்கும். நம் ஊர்க் காற்றின் ஈரப்பதத்தில் அந்த இரைப்பும் சரியாக வேலை செய்யாது. பக் போன்ற சப்பை மூக்கு நாய்களுக்கு நிலைமை இன்னும் மோசம். நாயின் இயல்பான வெப்பம் 38 முதல் 39 டிகிரி. 41-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. நாக்கு சிவந்து, எச்சில் ஒழுகி, தள்ளாடினால் நிழலில் கிடத்தி, சாதாரணத் தண்ணீரை உடம்பெல்லாம் ஊற்றி விசிறுங்கள். அப்புறம் தாமதிக்காமல் மருத்துவமனை.

மலைக்குப் போகிற நாளில் நாயை அதற்குப் பழக்கமான ஒருவரிடம், அதன் சொந்த வீட்டிலேயே விட்டுப் போவதுதான் நல்லது. இன்னொரு நாள் அதற்கென்றே ஒதுக்குங்கள். விடிகாலையில் சொத்தவிளை, சங்குத்துறை கடற்கரை மணலில் அரை மணி நேரம் நடந்தால் அதற்குப் போதும். அங்கேயும் பெல்ட்டைக் கழற்ற வேண்டாம். தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமைகள் நம் கடற்கரையில் முட்டையிடுகின்றன. அவிழ்த்துவிட்ட நாய் குழியைத் தோண்டிவிடும். தேரூர், சுசீந்திரம் குளக்கரைக்கும் அப்படித்தான். உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களைக் குறிக்கும் ராம்சார் பட்டியலில் 2022-ல் சேர்ந்த நீர்நிலை அது. தொலைதூரத்திலிருந்து வந்து இளைப்பாறும் பறவைகளை நாய் ஒவ்வொரு முறை கிளப்பும்போதும் அவற்றின் தெம்பு வீணாகிறது.

பேச்சிப்பாறை, கோதையாறு, கீரிப்பாறை, சிற்றாறு என்று காட்டை ஒட்டியே குடியிருப்பவர்களிடம் நாயே வேண்டாம் என்று சொல்ல முடியாது. ரப்பர் பால் வெட்டும் தொழிலாளர் குடியிருப்பிலும் காணிப் பழங்குடி மக்கள் குடியிருப்பிலும் நாய்தான் காவல். சரணாலயத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் கால்நடைகளுக்குத் தொற்றுநோய்த் தடுப்பூசி போட ஏற்பாடு செய்ய வேண்டும் என்று வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 33ஏ பிரிவு சொல்கிறது. ஆனால் சட்டம் சொல்லும் கால்நடைப் பட்டியலில் ஆடு, மாடு, பன்றி, கோழி எல்லாம் உண்டு, நாய் இல்லை. நாயையும் சேர்த்தே ஆக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அது நடக்கும்வரை நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். குட்டிக்கு ஆறு, எட்டு வாரத்தில் முதல் டிஸ்டெம்பர், பார்வோ ஊசி, நான்கு மாதம் ஆகும்வரை அடுத்தடுத்த ஊசிகள், மூன்றாம் மாதம் வெறிநோய் ஊசி, பிறகு மருத்துவர் சொல்கிறபடி ஆண்டுதோறும். ராத்திரி நாயை வீட்டுக்குள்ளோ கம்பி வலைக் கூண்டிலோ அடையுங்கள். 2023-ல் சிற்றாறு, பத்துகாணி பக்கம் ஆடு மாடுகளை அடித்த புலி இந்தக் குடியிருப்புகளுக்குத் தெரியாததல்ல.

ஏற்கெனவே காட்டோர ஓடைக்குப் போய் வந்த நாய் வீட்டில் இருந்தால், அடுத்த சில வாரங்கள் கவனியுங்கள். ஒரு மூக்குத் துவாரத்திலிருந்து மட்டும் ரத்தம் வந்து, அடிக்கடி தும்மினால், தண்ணீர் குடித்தபோது அட்டை உள்ளே ஏறியிருக்கலாம். உப்பையோ புகையிலைத் தண்ணீரையோ மூக்குக்குள் விடாதீர்கள்; நாங்கள் எடுத்துவிடுவோம். ஈறு வெளுத்து, மூத்திரம் சிவந்தால் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். கண் மஞ்சளித்து, சாப்பிடாமல் வாந்தி எடுத்தால் எலிக்காய்ச்சலோ என்று பார்க்க வேண்டும். அது நாயின் சிறுநீர் வழியாக மனிதருக்கும் தொற்றும் என்பதால் கையுறை போட்டே சுத்தம் செய்யுங்கள். வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நாய்க்கு உடம்பு சரியில்லை என்பதையும் ஓடையில் இறங்கியதையும் உங்கள் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.