வேலைக்குன்னு சொல்லி விசிட் விசா கொடுத்தா 10 லட்சம் இன்சூரன்ஸை மறந்துடுங்க

கல்ஃபுக்கோ மலேசியாவுக்கோ கூலி வேலைக்குப் போறவங்களுக்கு கவர்மென்ட் ஒரு இன்சூரன்ஸ் வச்சிருக்கு, பேரு பிரவாசி பாரதிய பீமா யோஜனா. ரெண்டு வருஷத்துக்கு 275 ரூபா, மூணு வருஷத்துக்கு 375. விபத்துல இறந்தாலோ நிரந்தரமா முடங்கிப்போனாலோ 10 லட்சம். 2003லேர்ந்து இருக்கு. திட்டம் அவ்வளவுதான். இவ்வளவு நாளா இருந்தும் பாடி வந்து இறங்குன வீட்ல பாதிப்பேருக்கு இப்படி ஒண்ணு இருக்கறதே தெரியல, அதனாலதான் எழுதறேன்.

முதல்ல பாஸ்போர்ட்டைப் பாருங்க. 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்ட்'னு அச்சடிச்சிருந்தா அது ஈசிஆர் பாஸ்போர்ட், பத்தாவது பாஸ் பண்ணாதவங்களுக்குப் பெரும்பாலும் இதுதான் வரும். சவுதி, அமீரகம், குவைத், கத்தார், ஓமன், பஹ்ரைன், மலேசியான்னு மொத்தம் 18 நாட்டுக்கு இந்த பாஸ்போர்ட்ல வேலைக்குப் போகணும்னா எமிக்ரேஷன் கிளியரன்ஸ்ங்கற கவர்மென்ட் அனுமதி வாங்கணும், அது வாங்கும்போதே இன்சூரன்ஸும் கட்டாயம். சிங்கப்பூர் இந்த லிஸ்ட்ல இல்ல.

இப்ப ஏஜெண்ட் என்ன பண்றான்னா, சுத்திப்பாக்கப் போறவனுக்கு கிளியரன்ஸ் வேண்டாம்னு இருக்கற ரூலைப் பிடிச்சிக்கிட்டு விசிட் விசா அடிச்சுக் கொடுத்துடறான். "அங்க போய் மாத்திக்கலாம் தம்பி, எல்லாரும் அப்படித்தான் போறாங்க." எல்லாரும் அப்படிப் போறாங்கங்கறது உண்மைதான், ஆனா அப்படிப் போனவன் கவர்மென்ட் கணக்குல டூரிஸ்ட், காண்ட்ராக்ட் பதிவு கிடையாது, இன்சூரன்ஸ் கிடையாது, சாரத்துலேர்ந்து விழுந்தாலும் டூரிஸ்ட் விழுந்ததாதான் எழுதுவாங்க. இன்னொரு வழியும் வச்சிருக்கான், டூப்ளிகேட் பத்தாவது சர்டிபிகேட் வச்சு பாஸ்போர்ட்டை ஈசிஎன்ஆரா, அதாவது கிளியரன்ஸ் தேவையில்லாத பாஸ்போர்ட்டா மாத்திடறது. கிளியரன்ஸ் தொல்லை போச்சுன்னு சந்தோஷப்படாதீங்க, கட்டாய இன்சூரன்ஸும் அதோட போச்சு, பொய் சர்டிபிகேட் கேஸ் வந்தா உங்க பேர்லதான் வரும், அவன் பேர்ல இல்ல.

பணம். ரிஜிஸ்டர் பண்ண ஏஜெண்ட் உங்ககிட்ட சர்வீஸ் சார்ஜா வாங்கலாம்னு ரூல்ல இருக்கறது அதிகபட்சம் 30,000 ரூபா, 18 சதவீதம் ஜிஎஸ்டி சேத்தா 35,400, அதுக்கு ரசீது தரணும். நெசத்துல லட்சக்கணக்குல வாங்கறாங்க, அதுவும் ஆபீஸ்ல இல்ல, ஊர்ல ஒரு சப் ஏஜெண்ட் கையில ரொக்கமா. சப் ஏஜெண்ட்டுங்கறவன் சட்டத்துல இல்லவே இல்ல. ஏமாந்துட்டு ஸ்டேஷனுக்குப் போனா இது வெளிநாட்டு விஷயம், சென்னையில எமிக்ரேஷன் ஆபீஸ் இருக்கு அங்க போங்கம்பாங்க. அங்க போனா இவன் ரிஜிஸ்டர் ஆகாதவன், போலீஸ்தான் நடவடிக்கை எடுக்கணும்னு உங்க மனுவை அதே போலீசுக்கு அனுப்புவாங்க. ரெண்டு இடத்துலயும் கேக்கற முதல் கேள்வி ரசீது எங்க. 1983 எமிக்ரேஷன் சட்டப்படி லைசென்ஸ் இல்லாம ஆள் அனுப்பினா ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம் 2,000 ரூபா வரைக்கும். ஒரு ஆள்கிட்ட வாங்கற கமிஷன்ல அது டீ செலவு. அதனால அக்கவுண்ட்ல மட்டும் போடுங்க, கையில கேட்டா தர மாட்டேன்னு சொல்லுங்க, சொந்தக்காரனா இருந்தாலும்.

ஏஜெண்ட்டோட ஆர்சி நம்பரை, அதாவது ரிஜிஸ்டர் பண்ண சர்டிபிகேட் நம்பரை வாங்கி கவர்மென்ட்டோட இமைக்ரேட் வெப்சைட்ல போட்டுப் பாருங்க. ஆனா ஒண்ணு, சில பேர் அடுத்தவன் நம்பரைக் காட்டுவான், அதனால வெப்சைட்ல இருக்கற போன் நம்பருக்கே கூப்பிட்டு இந்த ஆள் உங்க ஆபீஸ்தானான்னு கேளுங்க.

ஏறுறதுக்கு முன்னாடி பாலிசி காப்பி, காண்ட்ராக்ட், விசா, பாஸ்போர்ட் எல்லாத்தையும் போட்டோ எடுத்து வீட்டுக்காரம்மா போன்ல போட்டுட்டுப் போங்க. உங்க பெட்டியில இருந்தா வீட்ல யாருக்கும் பிரயோஜனமில்ல, அங்க பாஸ்போர்ட்டையே கஃபீல், அதாவது விசா கொடுத்த முதலாளி, வாங்கி வச்சுக்கறான். நாமினி பேர் ஆதார்ல இருக்கற மாதிரியே இருக்கான்னு பாத்துக்கோங்க. கம்பெனி மாறினாலும் பாலிசி செல்லும், ஆனா ரெண்டு மூணு வருஷத்துல முடிஞ்சிடும், அங்க இருந்தே ஆன்லைன்ல புதுப்பிக்கலாம். யாரும் ஞாபகப்படுத்த மாட்டாங்க.

இன்னொண்ணு வீட்ல இருக்கறவங்களுக்கு. அந்த 10 லட்சம் விபத்துக்கு மட்டும்தான், தூக்கத்துல மாரடைப்புன்னு எழுதிட்டா கிடையாது. வெயில்ல நின்னு செத்தவனுக்கும் அங்க பல நேரம் அப்படித்தான் எழுதறாங்க. அதனால பாடி சீக்கிரம் வந்தா போதும்னு கம்பெனி நீட்டுற பேப்பர்ல எல்லாம் கையெழுத்துப் போடாதீங்க, போலீஸ் ரிப்போர்ட், மெடிக்கல் ரிப்போர்ட் என்ன சொல்லுதுன்னு எம்பசியில கேளுங்க. பாக்கி சம்பளம், நஷ்டஈடு எல்லாம் தனி, அது எம்பசி மூலமா வரணும், அதுக்கு வாரிசு சான்றிதழ் கேப்பாங்க. தாலுகா ஆபீஸ்ல அது எவ்வளவு வேகமா நகரும்னு உங்களுக்கே தெரியும், அன்னைக்கே மனு போட்டு நம்பர் வாங்கிடுங்க.

பணம் கொடுக்கறதுக்கு முன்னாடி சந்தேகம்னா கவர்மென்ட் ஹெல்ப்லைன் 1800 11 3090, டோல் ஃப்ரீ. ஏற்கனவே அங்க மாட்டிக்கிட்டவங்களுக்கு வெளியுறவுத்துறையோட 'மதத்' (MADAD)ங்கற புகார் வெப்சைட்ல புகார் போடலாம், வெறும் போன்ல சொல்லிட்டு விடாதீங்க, புகார் நம்பர் இருந்தாதான் அடுத்த தடவை யாராவது பதில் சொல்லுவாங்க.